‘எல்லாம் உட்பட’ என்று பேசிய வாடகை, குளிர் வந்ததும் மாறுமா?

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தாய் நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் தருகிறேன்.

கணவரை இழந்தவர். ஒரே மகன் படிப்பு விசாவில் கனடா போய், இது இரண்டாவது குளிர்காலம். ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம், தாயின் பெரியம்மாவுடைய மகன் வீட்டு பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், இருக்கிறார். தாய்க்கு அவர் அண்ணன் முறை, பிள்ளைக்கு மாமா. மாதம் 800 டொலர், “எல்லாம் உட்பட” என்று தொலைபேசியில் பேசி முடித்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. மார்கழி தொடங்கியதும், காஸ் பில்லும் ஹைட்ரோ பில்லும் ஏறிவிட்டன என்று மாமா மேலதிகமாக 250 டொலர் கேட்கிறார். வீட்டுச் சூட்டையும் குறைத்து வைத்திருக்கிறார். குளிர் தாங்காமல் மகன் ஒரு சின்ன மின் ஹீற்றர் வாங்க, அதைக் கண்டு மாமாவுக்கு இன்னும் கோபம். மகன் மாதாமாதம் அனுப்பிய 200 டொலர் இரண்டு மாதமாக வரவில்லை. அவருடைய பயணத்துக்காக அடகு வைத்த நகைக்குத் தாய் அந்தக் காசில்தான் வட்டி கட்டி வந்தார்.

கடிதத்தில் நாலு கேள்வி. மகன் சொல்வது உண்மையா, சாட்டா? சொந்தக்காரரிடம் சட்டம் பேச முடியுமா? கொட்டும் குளிரில் பிள்ளையை வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது? கையில் மிஞ்சியிருக்கும் காப்பையும் அடகு வைத்து, காசை அனுப்பி, பிரச்சினையை முடித்துவிடலாமா?

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காப்பை அடகு வைக்காதீர்கள். இந்த மாதம் 250 டொலரைக் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே தொகை வந்து நிற்கும், மாசியிலும் நிற்கும். பிரச்சினை அந்தத் தொகையில் இல்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு, ஸ்காபரோவில் வாடகைக்காரர்களுக்கு உதவும் ஒரு சட்டக் கிளினிக்கில் சில வருடம் வேலை செய்தேன். உங்கள் மகனுடைய கதையைப் போலப் பல கதைகளைக் குளிர்காலம் தோறும் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

சாட்டு இல்லை

“நாங்கள் இஞ்ச ஃபான் கூடப் போடாமல் கரண்டை மிச்சம் பிடிக்கிறம். அவன் அங்க இரவு முழுக்க ஹீற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறானாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் இருக்கும் மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது. கரண்டே இல்லாத வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து எரித்த தலைமுறை நீங்கள். வீணாக எரியும் எதையும் கண்டால் மனம் பொறுக்காது. ஆனால் ஃபானையும் ஹீற்றரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நாங்கள் சொல்வது, காதைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டினால் சமாளிக்கக்கூடிய பனியை. ரொறன்ரோவில் சில இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். நிலத்துக்குக் கீழே, சீமெந்துச் சுவருக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுப்பவருக்கு வெப்பம் என்பது சோறு மாதிரி.

கணக்கைப் பாருங்கள். கூரையில் சுற்றும் ஃபான் ஒன்று ஏறக்குறைய 75 வாற்று. மகன் வாங்கியது போன்ற சின்ன ஹீற்றர் வழக்கமாக 1500 வாற்று. அதாவது, ஒரு அறையில் 20 ஃபான் ஒரே நேரத்தில் சுற்றுகிற மாதிரி. இரவு 8 மணித்தியாலம் நிற்காமல் எரிந்தால் 12 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். தாண்டினால் இங்கே முதல் 60 யூனிட்டுக்கே வேறு விலை போடுவார்கள் என்பதால் அது நல்ல பழக்கம். உங்கள் வீட்டின் ஒரு மாதக் கரண்டை அந்த ஹீற்றர் 5 இரவில் முடித்துவிடும். மாதத்துக்கு 360 யூனிட். ஒரு யூனிட் எல்லாம் சேர்த்து 15 சதம் என்று வைத்துக்கொண்டால் 54 டொலர்.

ஆகவே பில் ஏறியது உண்மை. மகன் பொய் சொல்லவில்லை. அதேநேரம், அந்த ஹீற்றரை மட்டும் வைத்து 250 டொலருக்குக் கணக்குக் காட்டவும் முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. “தண்ணிக்கும் இவ்வளவு காசா” என்று கேட்டிருக்கிறீர்கள். ஹைட்ரோ பில் தண்ணீர் பில் இல்லை, அம்மா. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கரண்டைத்தான் ஹைட்ரோ என்பார்கள். 1906இல் அந்த மாகாண அரசு தொடங்கிய மின் ஆணைக்குழு நயாகராவின் நீர்மின்சாரத்தை ஊர்களுக்குக் கொண்டுபோனது. அதன் பெயரில் இருந்த சொல் அப்படியே மக்கள் வாயில் தங்கிவிட்டது. மகன் தண்ணீரைத் திறந்துவிட்டு அநியாயம் பண்ணுகிறார் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு பிள்ளை

அந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஸ்காபரோவில் இப்படியான வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஃபர்னஸ்தான் இருக்கும். காஸில் எரியும். எங்கள் வீட்டுச் சிலிண்டர் மாதிரி இல்லை, நிலத்தடிக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு. ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று தீர்மானிப்பது மேல் தளத்துச் சுவரில் இருக்கும் தேர்மோஸ்ரற். அது தனக்குப் பக்கத்தில் உள்ள காற்றைத்தான் அளக்கும். கீழே எவ்வளவு குளிர் என்று அதற்குத் தெரியாது. சூடு மேலே ஏறும், குளிர் கீழே தங்கும். பேஸ்மென்றில் காற்று வரும் துவாரங்களும் அநேகமாகக் கூரையில்தான் இருக்கும். மாமா மேலே 19 டிகிரியில் ஸ்வெற்றரோடு இருக்கும்போது, கீழே 16 ஆக இருக்கலாம்.

மாமா காஸைச் சேமிக்கச் சூட்டைக் குறைக்கிறார். கீழே குளிர்கிறது. மகன் ஹீற்றரைப் போடுகிறார். ஹைட்ரோ பில் ஏறுகிறது. அதைப் பார்த்து மாமா இன்னும் குறைக்கிறார். ஒரே அளவு வெப்பத்துக்கு அங்கே காஸை விடக் கரண்ட்தான் விலை கூட. மாமா மிச்சம் பிடித்ததாக நினைப்பது அடுத்த பில்லில் வேறு பெயரில் போய்விடுகிறது. இருவருமே நட்டப்படுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் கோபப்படுகிறார்கள். கிளினிக்கில் நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கின.

ஆகவே முதல் வேலை வழக்கு இல்லை. 10, 15 டொலருக்கு ஒரு தேர்மோமீற்றர் வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கிழமைக்கு இரவு படுக்கும்போதும் காலையில் எழும்பும்போதும் படம் எடுக்கச் சொல்லுங்கள். திகதியும் நேரமும் தெரிய வேண்டும். பிறகு மாமாவுக்கு வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி: “மாமா, கீழே இரவில 16 டிகிரி காட்டுது. படம் அனுப்பியிருக்கிறன். சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ, நான் ஹீற்றரை நிப்பாட்டுறன். பில்லுகளையும் ஒருக்காச் சேர்ந்து பார்ப்பம்.” மரியாதையாகவும் இருக்கும். பின்னால் தேவைப்பட்டால் சாட்சியாகவும் நிற்கும்.

அதுவரை ஹீற்றரை நீட்டு வயரில் செருகாமல் நேரே சுவரில் செருகட்டும். போர்வைக்கும் திரைச்சீலைக்கும் கிட்ட வைக்க வேண்டாம். எந்தக் குளிரிலும் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ குளிர்காயக் கீழே கொளுத்தக் கூடாது. அதில் வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். இதை மட்டும் மகனிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மா.

எல்லாம் தொங்குவது குசினியில்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கீழே ஒரு சின்னக் கரண்ட் அடுப்பு இருக்குதாம், ஆனால் மேலே மாமியின்ர குசினியிலதான் கூடுதலாச் சமைக்கிறானாம்.” சட்டப்படி பார்த்தால் நாலு பக்கத்திலும் முக்கியமான வரி அதுதான்.

ஒன்ராறியோவில் வாடகைக் குடியிருப்புச் சட்டம் 2006இல் வந்தது. அது வாடகைக்காரருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டுக்காரரோ அவருடைய மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ அதே கட்டடத்தில் வசித்து, அவர்களோடு குசினியையோ குளியலறையையோ வாடகைக்காரர் பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. “பகிர்ந்தே ஆக வேண்டும்” என்பதைக் கவனியுங்கள். கீழே சமைக்கச் சரியான வசதி இருந்தும், மாமி கூப்பிடுகிறார் என்று மேலே போவது வேறு. கீழே உள்ள அடுப்பு தேத்தண்ணிக்கு மட்டும்தான், சோறு கறிக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை என்றால் அது வேறு.

சட்டம் பொருந்துமானால் நிலைமை இது. எழுத்தில் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள், அது தவறு. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். மாதாமாதம் 800 டொலர் அனுப்பிய வங்கிப் பதிவும், “எல்லாம் உட்பட” என்று எங்காவது ஒரு செய்தி இருந்தால் அதுவும் போதுமான ஆதாரம். உட்பட என்று பேசியதை நடுக்குளிரில் மாமா தனியாக மாற்ற முடியாது. வாடகையைக் கூட்டுவதென்றால் 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்; 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம்; 2018 நவம்பர் 15க்கு முன்பே ஆள் குடியிருந்த பகுதியென்றால் மாகாணம் அறிவிக்கும் வீதத்துக்கு மேல் போக முடியாது. அந்த வீதம் 2025க்கு 2.5, 2026க்கு 2.1. 800 டொலருக்கு 2.1 வீதம் என்றால் 17 டொலர்கூட வராது. வெப்பமும் அவர் விருப்பம் இல்லை. மாகாண விதிப்படி குளிர்காலத்தில் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகர விதி 21 கேட்கிறது. குறைந்தால் 311க்கு அழைத்து மாநகரசபையிடம் முறையிடலாம். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் வீட்டுக்காரர்–வாடகைக்காரர் சபையிலும் விண்ணப்பிக்கலாம்.

பொருந்தாவிட்டால் பேசிய பேச்சு ஒப்பந்தமாகவே இருக்கும். ஆனால் அந்தச் சபையிடம் போக முடியாது, சிறு உரிமைகோரல் நீதிமன்றம்தான் வழி. அதற்கு நாளும் செல்லும், சொந்தமும் கெடும். அந்த நிலையில் வழக்கை விட, அமைதியாக வேறு அறை தேடத் தொடங்குவது புத்தி.

“பேஸ்மென்ற் அனுமதி இல்லாமல் கட்டினதாம், அதால முறையிட ஏலாதாம்” என்றும் மகன் சொல்லியிருக்கிறார். அனுமதி இல்லாத பேஸ்மென்றில் இருப்பவருக்கும் அந்தச் சட்டம் காவல் நிற்கும். ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். மாநகர அதிகாரி வந்து பார்த்து, பாதுகாப்பில்லை, ஆள் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டால், மகன் வழக்கை வென்று வீட்டை இழப்பார். அதனால்தான் முறையீட்டைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

குளிருக்குள் வெளியே போடலாமா

“கனடாவில குளிர்காலத்தில ஒருவரையும் எழுப்ப ஏலாது எண்டு சொல்லுகினம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்ராறியோவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்டணம் கட்டாத வீட்டின் கரண்டை நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை மின் நிறுவனம் வெட்டக் கூடாது என்ற விதியைத்தான் ஆட்கள் மாற்றிச் சொல்கிறார்கள்.

ஆனாலும் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன சட்டம் பொருந்தும் வாடகைக்காரரை வீட்டுக்காரர் தானாக வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றக் கூடாது, கரண்டையும் சூட்டையும் நிறுத்தக் கூடாது. சபையின் உத்தரவு வேண்டும்; அதை நிறைவேற்றுவதும் நீதிமன்ற அதிகாரிதான். தன் குடும்பத்துக்கு அந்த இடம் உண்மையாகவே தேவை என்றாலும் 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுக்க வேண்டும். குசினி விஷயத்தில் சட்டம் பொருந்தாமல் போனால் இந்தக் காவல் இல்லை. ஆகவே, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்வரை மகன் மாமாவோடு வாய்த்தர்க்கம் வைத்துக்கொள்ளக் கூடாது.

மாமாவின் பக்கமும் பாருங்கள்

அவருக்கு வேலை மூன்று நாளாகக் குறைந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, அரைச் சம்பளத்தில் ஒரு வீட்டைச் சூடாக்குபவர் அவர். கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கிற விதம் பிழை, கேட்கிற தொகைக்குக் கணக்கு இல்லை. அவ்வளவுதான்.

அவருக்கே சில வழிகள் இருக்கின்றன. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஹைட்ரோ பில்லில் மாதாமாதம் ஒரு தொகையைக் கழிக்கும் ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டம் இருக்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் மகனால் முடியாது, மாமாவால் முடியும். பாக்கி ஏறிவிட்டவர்களுக்கு அவசர உதவியும் தனியாக உண்டு. 211 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வழி காட்டுவார்கள். காஸ் பில்லை வருடம் முழுக்கச் சமமாகப் பிரித்துக் கட்டவும் கேட்கலாம். தை மாத அதிர்ச்சி இருக்காது. கரண்டுக்கு நேரக்கணக்கில் விலை என்றால், குளிர்காலத்தில் மாலை 7 முதல் காலை 7 வரையும் சனி ஞாயிறும் மலிவு; காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் விலை உச்சம். உடுப்புத் தோய்ப்பதை அந்த நேரத்துக்கு வெளியே வைத்தாலே மிச்சம் தெரியும்.

கடிதத்தில் இன்னொரு செய்தி: வாசலுக்கு வந்த ஒருவர் பேசிய பேச்சில், மூன்று வருடத்துக்கு முன்பு மாமா புது ஃபர்னஸை வாடகைக்கு எடுத்து, அதற்கும் மாதாமாதம் கட்டுகிறாராம். அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ், சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்துவிட்டது. அந்தத் தாளை மாமா ஒரு சட்டக் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஒப்பந்தமே செல்லாது என்று வரலாம். எப்படியானாலும் அந்த வாடகை மகன் எரித்த சூடு இல்லை; அவருடைய பங்கில் அது சேரக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

மாமாவின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் மகன் உங்களோடு பேசுவதைக் குறைத்திருக்கிறார். இனி அந்த வீட்டுக்கு எடுக்காதீர்கள். மகனுக்கு எடுங்கள். எடுத்து, 200 டொலரைப் பற்றிப் பேச வேண்டாம். அவருடைய கையில் எவ்வளவு மிஞ்சும் என்று ஒருமுறை பாருங்கள். படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2025 ஒக்டோபரில் இருந்து ஆகக் குறைந்த கூலி 17.60 டொலர். கிழமைக்கு 422 டொலர், நாலு கிழமைக்கு 1,690 அளவில். அதில் 800 வாடகை. சாப்பாடு, பஸ், தொலைபேசி, அடுத்த தவணைக் கட்டணத்துக்குச் சேமிப்பு என்று எல்லாம் மீதியில்தான். அதற்குள்ளும் இவ்வளவு காலம் உங்களுக்கு 200 அனுப்பியிருக்கிறார், அம்மா.

நகை வைத்த வங்கிக்குப் போய், வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். தவணை முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், மகனிடம் மூன்று விஷயம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: கீழே உள்ள அடுப்பில் சோறும் கறியும் சமைக்க முடியுமா, குளியலறை அவருக்குத் தனியா, “எல்லாம் உட்பட” என்று மாமா எப்போதாவது எழுதியோ குரல் செய்தியிலோ சொல்லியிருக்கிறாரா. பதில் வந்ததும், அவர் ஸ்காபரோவில் எந்த வாசலில் ஏற வேண்டும், என்ன தாளோடு போக வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.